முதலில் பெட்டியை அளப்போம், பிறகு கதவை வெட்டுவோம்



ஊறுகாய், மசாலாப் பொடி, தையல் என்று தொழில் தொடங்கிய நம் குழுக்களில் சில, இப்போது மரவேலையிலும் கால் வைத்திருக்கின்றன. பிளைவுட் வாங்கி சமையலறைப் பெட்டி, துணி அலமாரி, புத்தக அலமாரி என்று செய்து கொடுக்கிறார்கள். பெட்டி செய்து முடிக்கும் வரை பெரிய சிரமம் இல்லை. கதவு மாட்டும் போதுதான் சிக்கல் வருகிறது. "கதவு இடிக்குதுங்க மேடம்", "நடுவுல சந்து தெரியுதுங்க", "ஒண்ணு மேல ஏறி நிக்குது, ஒண்ணு கீழ தொங்குது." களத்துக்குப் போகும் போதெல்லாம் நாங்கள் கேட்கும் குறைகள் இவைதான்.

இவற்றில் பெரும்பாலானவை கைவேலையில் வந்த குறை இல்லை, அளவில் வந்த குறை. ஆகவே இந்த இதழ்ப் பாடத்தில், வெளியே தெரியாத கீல் போடும் கதவுக்கு அளவு எடுப்பது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். மரவேலை செய்யாத சகோதரிகளும் படிக்கலாம். நாளைக்கு உங்கள் வீட்டில் அலமாரி செய்யும் போது, சரியாக அளக்கிறார்களா என்று நீங்களே பார்த்துக் கொள்ளலாம் அல்லவா?

ஒரு குழுவில் நடந்தது

ஒரு குழுவினர் சமையலறை வேலை ஒன்றை எடுத்தார்கள். 8 பெட்டி, 8 கதவு. எல்லாப் பெட்டியும் ஒரே அளவுதானே என்று முதல் பெட்டியை மட்டும் அளந்து, 8 கதவையும் ஒரே அளவில் வெட்டி மைக்காவும் ஒட்டி விட்டார்கள். மாட்டும் போது பார்த்தால், சுவரோரம் இருந்த 2 பெட்டிகள் 1 சென்டிமீட்டர் அகலம் கூடுதல். அந்த இரண்டு கதவும் பத்தவில்லை. இரண்டு கதவுக்காக ஒரு முழு பிளைவுட் ஷீட்டும், மைக்காவும் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. வேலையும் நான்கு நாள் தள்ளிப் போனது. அந்த வேலையில் குழுவுக்குக் கையில் நின்றது கூலி மட்டும்தான், லாபம் இல்லை.

பண நஷ்டத்தை விட இன்னொன்றுதான் அவர்களுக்கு வலித்தது. "பொம்பளைங்க அளவெடுத்தா இப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் ஒருவர் சொல்லி விட்டார். ஒன்றை நாம் தெளிவாகப் புரிந்து கொள்வோம். எட்டுப் பெட்டிக்கு ஒரு பெட்டியை மட்டும் அளந்தால், ஆண் அளந்தாலும் பெண் அளந்தாலும் கதவு தப்பாகத்தான் வரும். அதே குழு அடுத்த வேலையில் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக அளந்து எழுதினார்கள். ஒரு கதவு கூட வீணாகவில்லை.

ஒரு கதவு வீணானால் என்ன என்று நினைக்க வேண்டாம். ஒரு பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. மில்லிமீட்டரில் 2440-க்கு 1220. சமையலறைக் கீழ்ப்பெட்டிக் கதவு சுமார் 596-க்கு 716 என்றால், ஒரு ஷீட்டில் 6 கதவுதான் கிடைக்கும். அப்படியானால் வீணாகும் ஒவ்வொரு கதவும் ஷீட்டில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் ஊர்க் கடையில் ஷீட் என்ன விலையோ, அதை ஆறால் வகுத்துப் பாருங்கள். அதோடு மைக்கா, பசை, கூலியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அவ்வளவு ஊறுகாய் பாட்டில் விற்க எத்தனை நாள் ஆகும்?

மறைகீல் என்றால் என்ன?

நம் வீட்டு வாசல் கதவில் இருப்பது பட்டைக் கீல். கதவை மூடினாலும் அதன் உருளை வெளியே தெரியும். மறைகீல் அப்படி இல்லை. கதவை மூடினால் கீல் இருப்பதே தெரியாது. கடையில் 'ஆட்டோ ஹிஞ்ச்' என்று கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள். கதவைக் கொஞ்சம் தள்ளி விட்டால் மீதியைத் தானே இழுத்து மூடிக் கொள்வதால் அந்தப் பெயர். 'சாஃப்ட் குளோஸ்' என்பது சத்தம் வராமல் மெதுவாக மூடும் வகை.

மறைகீலில் மூன்று பாகங்கள் உண்டு.

1. கிண்ணம்: வட்டமாக இருக்கும். கதவின் உட்பக்கம் குழி தோண்டி இதை இறக்க வேண்டும். பெரும்பாலான கீல்களில் இதன் விட்டம் 35 மி.மீ.

2. கை: கிண்ணத்தையும் தகட்டையும் இணைக்கும் பாகம். இதன் வளைவைப் பார்த்துத்தான் கீல் எந்த வகை என்று சொல்வோம்.

3. தகடு: பெட்டியின் பக்கப் பலகையில், உட்புறமாகத் திருகாணி போட்டு இறுக்கும் பாகம். கடையில் 'பிளேட்' என்பார்கள்.

கீல் பாதி கதவிலும் பாதி பெட்டியிலும் இருப்பதால் அளவும் இரண்டையும் சேர்த்தே வரும். பெட்டியை அளக்காமல் கதவை மட்டும் அளந்து வெட்ட முடியாது.

கதவு எங்கே நிற்கிறது?

அளவு எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. மூன்று விதம் உண்டு.

முழுதாக ஏறும் கதவு: பக்கப் பலகையின் விளிம்பைக் கதவு கிட்டத்தட்ட முழுதாக மூடி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கதவு மட்டும்தான் தெரியும். இதற்குக் கை நேராக இருக்கும் கீல். கடையில் '0 கிராங்க்' என்று கேளுங்கள்.

பாதி ஏறும் கதவு: நடுவில் ஒரே ஒரு தடுப்புப் பலகை, இரண்டு பக்கமும் கதவு. ஒரே பலகையை இரண்டு கதவும் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும். இதற்குக் கை கொஞ்சம் வளைந்த '8 கிராங்க்' கீல்.

உள்ளே அடங்கும் கதவு: பெட்டியின் வாய்க்குள்ளேயே கதவு உட்கார்ந்திருக்கும். பக்கப் பலகையின் விளிம்பு வெளியே தெரியும். இதற்குக் கை நன்றாக வளைந்த '16 கிராங்க்' கீல்.

இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யாமல் கீல் வாங்கவும் வேண்டாம், கதவு வெட்டவும் வேண்டாம். வகை மாறினால் கதவு அளவே மாறிவிடும்.

ஒரு நூல்தானே என்று விடலாமா?

நம் ஊர் ஆசாரிகள் அடி, அங்குலம், நூல் என்றுதான் பேசுவார்கள். ஒரு அங்குலத்தில் 8 நூல். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அப்படியானால் ஒரு நூல் 3 மி.மீ.க்கு மேல் வருகிறது.

மறைகீல் கதவில் பெட்டி ஓரத்தில் நாம் விடும் இடைவெளியே 2 மி.மீ.தான். "ஒரு நூலு முன்ன பின்ன இருந்தா என்னங்க?" என்று கேட்டால், அந்த ஒரு நூலில் இடைவெளி மொத்தமும் போய்விடும், பக்கத்துக் கதவில் இடிக்கும். வாசல் கதவுக்கு நூல் கணக்கு போதும். இந்தக் கதவுக்குப் போதாது. எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் அளந்து, மில்லிமீட்டரில் எழுதுவோம். ஒரு பக்கம் அங்குலம், ஒரு பக்கம் மில்லிமீட்டர் என்று கலந்து எழுத வேண்டாம்.

தேவையான கருவிகள்

இரும்பு டேப் ஒன்று, மூலைமட்டம் ஒன்று, கூர்மையான பென்சில், அளவு நோட்டு. இவை போதும். தையல் டேப்பை இதற்கு எடுக்க வேண்டாம். பழகிய தையல் டேப் இழுபட்டு நீண்டிருக்கும்.

இரும்பு டேப்பின் நுனிக் கொக்கி லேசாக முன்னும் பின்னும் ஆடும். அது பழுது இல்லை. வெளியே கொக்கியை மாட்டி இழுத்து அளக்கும் போதும், உள்ளே முட்டி வைத்து அளக்கும் போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சரியாக வரட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். தட்டி இறுக்கி விடாதீர்கள். கொக்கி வளைந்து போன டேப் என்றால், 100 மி.மீ. கோட்டை ஓரத்தில் வைத்து அளந்து, வரும் அளவில் 100-ஐக் கழித்துக் கொள்ளுங்கள்.

ஒரு வேலைக்கு ஒரே டேப் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் ஒரு டேப், பட்டறையில் வேறு டேப் என்றால் இரண்டுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் கதவில் தெரியும்.

பெட்டியை அளக்கும் முறை

1. பெட்டிக்கு உள்ளே மைக்கா ஒட்டுவதாக இருந்தால், ஒட்டிய பிறகு அளக்க வேண்டும். உள்பக்க மைக்கா 0.8 மி.மீ. என்றாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து 1.6 மி.மீ. குறைந்து விடும்.

2. உள் அகலத்தை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: மேலே, நடுவில், கீழே. உள் உயரத்தையும் மூன்று இடத்தில்: இடது, நடு, வலது. மூன்றும் ஒன்றாக இருந்தால் நல்லது. 1 மி.மீ. வித்தியாசம் என்றால் சிறிய அளவை எடுத்துக் கொள்ளுங்கள். 2 மி.மீ.க்கு மேல் போனால் கதவை நிறுத்தி வைத்துவிட்டு முதலில் பெட்டியைச் சரி செய்யுங்கள்.

3. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால்தான் பெட்டி சதுரமாக நிற்கிறது என்று அர்த்தம். வெளி அளவு 600-க்கு 720 உள்ள பெட்டிக்குக் குறுக்களவு 937 மி.மீ. வரும். ஒன்று 937, மற்றொன்று 942 என்று வந்தால் பெட்டி சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பெட்டியில் நேரான கதவு கோணலாகத்தான் தெரியும்.

4. பக்கப் பலகையின் தடிமனை நீங்களே அளக்க வேண்டும். கடைக்காரர் 18 என்று சொன்னாலும் கையில் வந்தது 17 ஆக இருக்கலாம்.

உள் அகலம் அளக்கும் போது டேப் மூலையில் வளைந்து அளவு சரியாகத் தெரியாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மெல்லிய குச்சி இரண்டு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்து, இரண்டு பக்கமும் பலகையில் முட்டும் வரை நகர்த்துங்கள். முட்டியதும் இரண்டிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வெளியே எடுத்துக் கோடு பொருந்த வைத்து மொத்த நீளத்தை அளந்தால் உள் அகலம் சரியாகக் கிடைக்கும்.

அளக்கும் போது இருவராகச் செய்யுங்கள். ஒருவர் அளந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் எழுதிவிட்டுத் திரும்பப் படிக்க வேண்டும். வங்கியில் பணம் எடுக்க நம் குழுவில் ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது அல்லவா? அளவு நோட்டிலும் இருவர் கையெழுத்து இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் 1, 2, 3 என்று எண் கொடுத்து, பெட்டியிலும் எழுதுங்கள், நோட்டிலும் எழுதுங்கள், பின்னால் கதவின் உட்பக்கத்திலும் எழுதுங்கள்.

கதவுக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், கூட்டலும் கழித்தலும்தான்.

கணக்கு 1: முழுதாக ஏறும் ஒற்றைக் கதவு

வெளி அகலம் 600, வெளி உயரம் 720, பலகைத் தடிமன் 18.
உள் அகலம் 564, உள் உயரம் 684.
கதவு ஒவ்வொரு பக்கமும் 16 மி.மீ. ஏறி நிற்க வேண்டும்.
கதவு அகலம்: 564 + 16 + 16 = 596.
கதவு உயரம்: 684 + 16 + 16 = 716.

சரிபார்க்க: 18 மி.மீ. பலகையில் 16 ஏறினால் ஓரத்தில் 2 மிச்சம். அதாவது வெளி அளவை விடக் கதவு 4 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். 600-லிருந்து 4 போனால் 596. கணக்கு சரி.

கணக்கு 2: முழுதாக ஏறும் இரட்டைக் கதவு

வெளி அகலம் 900, உள் அகலம் 864.
இரண்டு ஓரமும் ஏறும் அளவைச் சேர்த்தால் 864 + 32 = 896.
நடு இடைவெளிக்கு 4 கழித்தால் 892. இரண்டாக வகுத்தால் ஒரு கதவு 446.

நடுவில் ஏன் 4? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டி நின்றால் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் 2 என்று, இரண்டு கதவுக்கும் நடுவில் 4 வரும். எல்லாச் சந்தும் ஒரே அளவாக இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும்.

கணக்கு 3: நடுவில் தடுப்பு, இரண்டு கதவு

உள்ளே 582 அகலத்தில் இரண்டு அறை. ஓரப் பலகை 18, நடுத் தடுப்பு 18.
நடுத் தடுப்பில் இடைவெளி 4 போக மிச்சம் 14. ஆளுக்கு 7.
ஒரு கதவு அகலம்: 582 + 16 + 7 = 605.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கீல் எந்தப் பலகையில் வருகிறதோ, அதை வைத்துத்தான் கீல் வகை. இரண்டு கதவுக்கும் கீல் வெளிப் பலகையில் வந்தால் 0 கிராங்க் போதும். நடுத் தடுப்பில் கீல் வந்தால்தான் 8 கிராங்க் வாங்க வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டு, நோட்டில் அம்புக்குறி போட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

கணக்கு 4: உள்ளே அடங்கும் கதவு

உள் அகலம் 564, உள் உயரம் 684. நான்கு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி.
கதவு: அகலம் 560, உயரம் 680.
இரட்டைக் கதவு என்றால் மூன்று இடைவெளி. உள் அகலம் 864 என்றால் 864 - 6 = 858. ஒரு கதவு 429.

கடப்பாக் கல் தடுப்பு உள்ள சமையலறை

நம் ஊர் வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பாக் கல்லோ செங்கல் சுவரோதான் தடுப்பாக இருக்கும். மறைகீலின் தகட்டை நேராகக் கல்லில் இறுக்க முடியாது. கல்லுக்குப் பக்கத்தில் பலகையோ மரச்சட்டமோ நிறுத்தி, அதில்தான் தகட்டை இறுக்க வேண்டும். ஆகவே சட்டம் நிறுத்திய பிறகே கதவுக்கு அளவு எடுங்கள். கல் கட்டும் போது மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம் என்று இருப்பது சகஜம். சட்டத்தை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, அந்தக் குறையை அங்கேயே தீர்த்து விடுங்கள். கதவில் தீர்க்க முடியாது. மேடைக் கல்லின் அடிப்பக்கமும் மேடு பள்ளமாக இருக்கும். கதவு மேலே கல்லில் உரசாதபடி கூடுதலாக 2, 3 மி.மீ. விட்டுக் கொள்ளுங்கள்.

மைக்காவும் ஓரப் பட்டையும்

மேலே சொன்னது கதவு முடிந்து நிற்கும் அளவு. வெட்டும் அளவு வேறு. கதவு ஓரத்தில் 'எட்ஜ் பேண்ட்' பட்டை ஒட்டினால் அதன் தடிமனைக் கழித்து வெட்ட வேண்டும். 2 மி.மீ. பட்டையை நான்கு ஓரமும் ஒட்டப் போகிறோம் என்றால், 596-க்கு 716 கதவை 592-க்கு 712 என்று வெட்ட வேண்டும்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது புதிதில்லை. ரவிக்கைக்குத் தையலுக்கென்று துணி கூட்டி வெட்டுவோம், இங்கே பட்டைக்கென்று குறைத்து வெட்டுகிறோம். ஆனால் ஒரு வித்தியாசம். ரவிக்கை இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்து விடலாம். கதவு சின்னதாகிப் போனால் வளர்க்க முடியாது. பெரிதாக இருந்தால் சீவலாம், ஆனால் மைக்கா ஓரம் பிசிறடிக்கும்.

கிண்ணக் குழி எங்கே?

குழிக்கு 35 மி.மீ. பிட் தனியாகக் கிடைக்கும். கதவு ஓரத்திலிருந்து குழியின் ஓரம் வரை 3 முதல் 6 மி.மீ. விடுவது வழக்கம். 5 விடுவதாக வைத்துக் கொண்டால், குழியின் மையம் கதவு ஓரத்திலிருந்து 5 + 17.5 = 22.5 மி.மீ.

இந்தத் தூரத்துக்கும் கதவு ஏறும் அளவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. குழியை 1 மி.மீ. உள்ளே தள்ளினால் கதவு 1 மி.மீ. அதிகமாக ஏறும். கீல் வாங்கும் போது உடன் வரும் தாளில், எத்தனை மி.மீ. விட்டால் எவ்வளவு ஏறும் என்று படம் போட்டிருக்கும். அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் நோட்டில் ஒட்டி வையுங்கள். கம்பெனி மாறினால் அளவும் கொஞ்சம் மாறும்.

குழியின் ஆழம் சுமார் 12 அல்லது 13 மி.மீ. வரும். ஆகவே 12 மி.மீ. பிளைவுட்டில் இந்தக் கீல் போட முடியாது, மறுபக்கம் ஓட்டை விழுந்து விடும். கதவுக்கு 18 மி.மீ. பலகை எடுங்கள். பிட்டின் நடு முனை கொஞ்சம் நீட்டிக் கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் குழியை எப்போதும் வேண்டாத துண்டுப் பலகையில் போட்டுப் பாருங்கள்.

எத்தனை கீல்?

கதவு உயரம் 900 மி.மீ. வரை: 2 கீல்
900 முதல் 1600 வரை: 3 கீல்
1600 முதல் 2000 வரை: 4 கீல்
2000 முதல் 2400 வரை: 5 கீல்

இது 600 மி.மீ. அகலம் வரை உள்ள கதவுக்கு. அகலமோ எடையோ கூடினால் ஒரு கீல் கூட்டிக் கொள்ளுங்கள். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று கீலைக் குறைத்தால் ஆறு மாதத்தில் கதவு தொங்கும், பெயர் கெடும்.

மேல் கீலின் மையம் கதவின் மேல் ஓரத்திலிருந்து 100 மி.மீ., கீழ்க் கீல் கீழ் ஓரத்திலிருந்து 100 மி.மீ. என்று வைத்துக் கொள்ளலாம். அதற்கு முன் உள்தட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். தட்டு வரும் இடத்தில் கீல் வந்தால் தகடு மாட்ட இடம் இருக்காது.

பெட்டியில் தகடு எங்கே?

முழுதாக ஏறும் கதவுக்கும் பாதி ஏறும் கதவுக்கும், தகட்டின் திருகாணிக் குழிகள் பக்கப் பலகையின் முன் ஓரத்திலிருந்து 37 மி.மீ. உள்ளே வரும். உள்ளே அடங்கும் கதவு என்றால் கதவின் தடிமனையும் கூட்ட வேண்டும். மைக்காவோடு கதவு 20 மி.மீ. என்றால் 37 + 20 = 57.

உயரக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கதவில் மேலிருந்து 100 என்றால் பெட்டிக்குள்ளும் மேலிருந்து 100 என்று குறித்து விடுகிறார்கள். முழுதாக ஏறும் கதவு மேல் பலகையில் 16 மி.மீ. ஏறி நிற்கிறது அல்லவா? அந்த 16-ஐக் கழிக்க வேண்டும். பெட்டிக்குள் மேல் பலகையின் அடியிலிருந்து 84 மி.மீ.யில் தகட்டின் மையம் வர வேண்டும். உள்ளே அடங்கும் கதவு என்றால் 2 மி.மீ. இடைவெளியைக் கூட்டி 102-ல் வர வேண்டும்.

திருகிச் சரி செய்யலாமே?

மாட்டிய பிறகு சரி செய்யக் கீலிலேயே திருகுகள் இருக்கின்றன. ஒன்று கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும், ஒன்று முன்னும் பின்னும் நகர்த்தும். தகட்டில் இருப்பது மேலும் கீழும் நகர்த்தும். ஆனால் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் இவை நகர்த்துவது சுமார் 2 மி.மீ.தான். கண்ணுக்குத் தெரியும் சின்னக் கோணலைச் சரி செய்ய அது போதும். 1 சென்டிமீட்டர் தப்பை எந்தத் திருகும் சரி செய்யாது.

முதலில் ஒரு பெட்டி, ஒரு கதவு மாட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் மீதிக் கதவுகளை வெட்டுங்கள். அரை நாள் கூடுதலாக ஆகலாம், போகட்டும். பக்கத்தில் சுவர் இருந்தால் கைப்பிடி சுவரில் இடிக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. வெளி அகலம் 450, வெளி உயரம் 720, பலகை 18. முழுதாக ஏறும் ஒற்றைக் கதவு, ஒவ்வொரு பக்கமும் 16 ஏற வேண்டும். கதவு அளவு என்ன?

2. அதே கதவுக்கு நான்கு ஓரமும் 2 மி.மீ. பட்டை ஒட்ட வேண்டும். வெட்டும் அளவு என்ன?

3. உள் அகலம் 964. உள்ளே அடங்கும் இரட்டைக் கதவு, எல்லா இடைவெளியும் 2. ஒரு கதவின் அகலம் என்ன?

4. கதவு உயரம் 1500, அகலம் 450. எத்தனை கீல்?

விடைகள்: 1) 446-க்கு 716. 2) 442-க்கு 712. 3) 479. 4) 3 கீல்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

• நம் குழுவின் தொழிலில் ஒரு பொருள் வீணானால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறோமா? அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறோம்?

• அளவு எடுக்கும் வேலை ஒருவர் கையிலேயே இருக்கிறதா? அவர் வராத நாளில் வேலை நிற்கிறதா? இன்னும் யார் யார் கற்றுக் கொள்ள வேண்டும்?

• விலை பேசி முன்பணம் வாங்கும் முன், இடத்தை நேரில் போய் அளந்து, வீட்டுக்காரரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குகிறோமா?

மூன்றாவது கேள்வியை மரவேலைக் குழுக்கள் கட்டாயம் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு "நான் இப்படிச் சொல்லலையே" என்று யாராவது சொன்னால், அளவு நோட்டும் அதில் இருக்கும் கையெழுத்தும்தான் நமக்காகப் பேசும்.

இந்தப் பாடத்தை நோட்டில் எழுதிக் கொண்டு, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு அலமாரியை இந்த வாரமே அளந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக்கு வரும் களப்பணியாளரிடம் அளவு நோட்டைக் காட்டிக் கேளுங்கள். அளந்து எழுதிய நோட்டோடு அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.